சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அகழாய்வு நடத்துபவர்களுக்கும் அருங்காட்சியகங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

சென்ற மாதம் ஓர் அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் படங்களை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. பானைகள், முத்திரைகள், செப்புக் கருவிகள் என்று ஆறு ஆண்டுகளாக எவரும் பார்க்கும்படி இருந்தவை அவை. ஒவ்வொரு படத்தின் கீழும் பதிவேட்டு எண், கிடைத்த குழி, மண்ணடுக்கு, அளவு எல்லாவற்றையும் யாரோ பொறுப்பாக எழுதி வைத்திருந்தார்கள். ஓர் இரவில் எல்லாம் மறைந்தன. என் கட்டுரைகளில் 41 இடங்களில் அந்தப் படங்களுக்கு இணைப்பு கொடுத்திருந்தேன். இப்போது 41 இடங்களிலும் வெறும் வெள்ளைத் திரைதான் வருகிறது.

காரணம் கேட்டு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. படங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதால் பொதுப்பார்வையிலிருந்து நீக்கப்பட்டிருக்கின்றனவாம். ஆய்வுக்குத் தேவையென்றால் நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாமாம்.

எனக்கு நிறுவனம் கிடையாது. பகலில் தொல்லியலோடு சம்பந்தமில்லாத வேலை. இரவில் அகழாய்வு அறிக்கைகளைப் படித்து, புரிந்ததைத் தமிழில் எழுதி, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்பதையும் சொல்லி இணையத்தில் வைக்கிறேன். பதினொரு ஆண்டுகளாகச் செய்கிறேன். காசு வாங்குவதில்லை. அந்த அருங்காட்சியகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இதே பதிலை வேறு வேறு சொற்களில் வேறு சிலரும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பது உண்மைதான். அந்தத் தவறுகளை உங்களைவிட அதிகம் சந்திப்பவன் நான். மண்ணுக்குள் படுத்திருக்கும் பிரம்மாண்டமான மனித எலும்புக்கூட்டின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியோடு எறும்பு போல நின்றிருப்பார். அது 2002இல் ஒரு படமாற்றப் போட்டிக்காகக் கணினியில் செய்யப்பட்டது. அடியில் இருப்பது நியூயார்க் மாநிலத்தில் மாஸ்டடான் என்ற, யானையைப் போன்ற பழங்கால விலங்கின் எலும்புகளைத் தோண்டி எடுத்தபோது எடுத்த படம். போட்டி முடிந்தும் அந்தப் படம் ஓயவில்லை. அரேபியப் பாலைவனத்து அரக்கன் என்று ஒரு சுற்று, கடோற்கசன் என்று இன்னொரு சுற்று. என் உறவினர் ஒருவரே மூன்று முறை எனக்கு அனுப்பியிருக்கிறார், மூன்றாவது முறை “இதற்கு உன் பதில் என்ன?” என்ற கேள்வியோடு. பதில் சொல்ல முடிந்தது. எந்த அசல் படத்தின்மேல் எலும்புக்கூட்டை ஒட்டினார்கள் என்பது வெளியே தெரிந்திருந்ததால்தான் முடிந்தது. அசல் எங்கோ ஒரு கோப்பறையில் பூட்டிக் கிடந்திருந்தால், “இது பொய்” என்று நானும், “இது மெய்” என்று அவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

போலிப் படம் செய்பவருக்கு உங்கள் அனுமதி தேவையில்லை. நிறுவனக் கடிதம் கேட்டு நீங்கள் நிறுத்தி வைப்பது என்னைப் போன்றவர்களைத்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று இதைத்தான் சொல்வார்கள். கொளுத்திய பிறகும் மூட்டைப்பூச்சி உயிரோடு இருக்கிறது என்பது கூடுதல் வேதனை.

பிரமிடுகளை வேற்றுக்கிரகத்தார் கட்டினார்கள் என்று ஒருவர் என் பதிவுகளின் கீழ் விடாமல் எழுதிவந்தார். வாதம் செய்து அலுத்துப்போய், ஒருநாள் மேரர் என்பவரின் நாட்குறிப்பைப் பற்றி எழுதினேன். செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் அவை. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னனின் காலத்தில், துரா சுரங்கத்திலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் கொண்டுபோன ஒரு குழுவின் தலைவர் மேரர். எந்த நாளில் கல் ஏற்றினார்கள், எந்த இரவை எங்கே கழித்தார்கள் என்று கட்டம் போட்டுக் குறித்திருக்கிறார். இன்றைய லாரி ஓட்டுநரின் பயணப் பதிவேட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. படத்தையும் மொழிபெயர்ப்பின் சில வரிகளையும் வைத்தேன். அந்த மனிதர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்: “அவர்களுக்குக் கூலி என்ன கொடுத்தார்கள்?” அந்த ஏடுகளோடு சேர்ந்து கிடைத்த கணக்குகளில் குழுவுக்கு வந்த உணவுப் பொருள்களின் பட்டியல் இருக்கிறது என்று சொன்னேன். வேற்றுக்கிரகம் அதோடு போயிற்று. அவரை மாற்றியது என் எழுத்துத் திறமை என்று நான் நினைக்கவில்லை. ஏட்டின் படத்தைத் தன் கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான்.

நானும் தவறு செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களைக் குறை சொல்வது முறையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஈமக்காட்டைப் பற்றி எழுதினேன். அகழாய்வின் முழு அறிக்கை வெளிவந்திருக்கவில்லை. இடைக்கால அறிக்கை ஓர் ஆய்விதழின் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தது. கையில் இருந்தது செய்தியாளர் சந்திப்பை ஒட்டி வந்த நாளிதழ்ச் செய்தி மட்டும். அதில் ஒரு பானையின் வயதாக ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். அதை அப்படியே எழுதினேன். ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். நான்கு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் அட்டவணையின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். காலக்கணிப்பு செய்யப்பட்டது பானைக்கு அல்ல. அதற்குக் கீழே இருந்த அடுக்கில் கிடைத்த கரித்துண்டுக்கு. கரிமக் காலக்கணிப்பு அந்த மரம் எப்போது வளர்ந்தது என்பதைத்தான் சொல்லும். அதை எப்போது எரித்தார்கள் என்பதே தனிக் கேள்வி. மேலடுக்கில் கிடந்த பானையை எப்போது வனைந்தார்கள் என்பது இன்னும் தள்ளி. போதாததற்கு, ஆய்வகம் கொடுத்த கூட்டல் கழித்தல் வரம்பு செய்தியில் காணாமலேயே போயிருந்தது. திருத்தம் வெளியிட்டேன். அதைப் பகிர்ந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை.

முதல் தவறு என்னுடையது. அறிக்கையைப் பார்க்காமல் எழுதியிருக்கக் கூடாது. ஆனால் செய்தியாளர்களைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்ன அன்றே அந்த அட்டவணையையும் இணையத்தில் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பேனைப் பெருமாளாக்கிவிட்டார்கள் என்று செய்தியாளர்களைத் திட்டுகிறீர்கள். பேன் எவ்வளவு பெரியது என்று அளந்து பார்க்க யாருக்கும் வழி விடவில்லையே.

உங்கள் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்களில் ஒருவர்தான். சமைத்ததை மறுபடி சமைக்கலாம், சோதனைக் கூடத்தில் செய்ததை மறுபடி செய்து பார்க்கலாம், தோண்டியதை மறுபடி தோண்ட முடியாது. அடுக்கைப் பிரித்து எடுத்தவுடன் அந்த அடுக்கு உலகத்தில் இல்லை. அதன்பின் இருப்பது உங்கள் வரைபடம், அளவுகோலோடு எடுத்த படம், குறிப்பேடு, மண் மாதிரி. அறிக்கை வெளிவராத அகழாய்வுக்கும் கடப்பாரையோடு வந்த புதையல் வேட்டைக்காரனின் குழிக்கும் வெளியே நிற்பவன் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கடுமையான சொல்தான். திரும்பப் பெற மாட்டேன்.

தாமதத்தின் விலை என்ன என்பதற்குப் பழைய சான்றுகள் இருக்கின்றன. 1900இல் ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் கிரீட் தீவின் நோசஸில் எழுத்துப் பொறித்த களிமண் பலகைகளைக் கண்டெடுத்தார். 1941இல் இறக்கும்வரை அவற்றில் சிறு பகுதியைத்தான் வெளியிட்டார். அமெரிக்காவில் அலிஸ் கோபர் என்ற பேராசிரியை, வெளிவந்திருந்த அந்தச் சொற்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கையில் கிடைத்த தாளையெல்லாம் வெட்டிக் குறியட்டைகளாக்கி, எந்த எழுத்து எந்த எழுத்தோடு வருகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அந்த மொழியில் சொற்களின் ஈறு மாறுகிறது என்று காட்டியவர் அவர். 1950இல் இறந்துபோனார். நோசஸ் பலகைகளின் தொகுதி 1952இல்தான் அச்சானது. அதே ஆண்டில் மைக்கேல் வென்ட்ரிஸ், அந்த எழுத்தின் மொழி கிரேக்கம் என்று அறிவித்தார். வென்ட்ரிஸ் மொழியியல் பேராசிரியர் இல்லை; கட்டடக் கலைஞர். தன் குறிப்புகளை, தவறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடே, மற்ற அறிஞர்களுக்குச் சுற்றுக்கு விட்டுக்கொண்டே வேலை செய்தவர். இன்று அவர் உங்களிடம் வந்தால் எந்த நிறுவனத்தின் கடிதத்தைக் கேட்பீர்கள்?

சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய யூத ஏடுகளின் கதையும் அதுதான். 1947இல் தொடங்கிக் கும்ரான் குகைகளில் கிடைத்தவற்றில் பெரும் பகுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் கையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தது. அவர்களின் சொந்தப் பயன்பாட்டுக்காக, எந்தச் சொல் எங்கே, எந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் ஒரு சொல்லடைவு தயாரித்திருந்தார்கள். 1991இல் இரண்டு அறிஞர்கள் அந்தச் சொல்லடைவை மட்டும் கணினியில் ஏற்றி, பின்னோக்கி நடந்து, வெளிவராத மூலத்தைக் கட்டி எழுப்பிவிட்டார்கள். அதே மாதம் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம், தன்னிடம் பாதுகாப்புக்காக இருந்த நுண்படச் சுருள்களைக் கேட்பவர்க்கெல்லாம் திறந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஆய்வு வேகம் பிடித்தது. இன்று அந்தச் சுருள்களை நான் வீட்டில் உட்கார்ந்து திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

திறந்து வைத்தவர்களுக்குக் கிடைத்ததையும் பாருங்கள். இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கரியான, ஹெர்குலேனியம் என்ற பழைய ரோமானிய ஊரின் சுருள்களைத் தொட்டால் பொடியாகிவிடும். 2023இல் அவற்றின் ஊடுகதிர்ப் படங்களைப் பொதுவில் வைத்துப் பரிசும் அறிவித்தார்கள். சில மாதங்களில், லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர், பிரிக்கப்படாத சுருளுக்குள்ளிருந்து முதல் சொல்லைப் படித்தார். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மையின் மெல்லிய வெடிப்புத் தடத்தை அதற்கு முன்பு கண்ணால் பார்த்துச் சொன்னவரும் தொல்லெழுத்து வல்லுநர் அல்லர்.

இன்னொன்று, சிறிய விஷயம், எனக்குப் பிடித்தது. கி.மு. 1750 அளவில் நன்னி என்பவர், இன்றைய ஈராக்கில் இருந்த ‘ஊர்’ என்ற பண்டைய நகரத்தின் வணிகர் ஏயா-நாசிருக்கு ஒரு களிமண் பலகையில் புகார் எழுதினார். மட்டமான செம்பைக் கொடுக்கப் பார்த்தாய், என் பணத்தை வாங்க வந்த ஆளை அவமதித்து வெறுங்கையோடு அனுப்பினாய் என்று பொரிந்து தள்ளுகிறார். உள்ளங்கையில் அடங்கும் பலகை. பிரிட்டிஷ் மியூசியம் அதன் படத்தை இணையத்தில் வைத்தது. உலகம் முழுவதும் இளைஞர்கள் அதை வைத்துக் கேலிச் சித்திரம் வரைந்தார்கள், பகடி எழுதினார்கள். இதைத்தான் நீங்கள் ‘தவறான பயன்பாடு’ என்பீர்களோ என்னவோ. அந்தப் பகடியைப் பார்த்துவிட்டு, அந்தப் பலகையில் உள்ள ஆப்பெழுத்தைப் படிக்க எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த மடலும் அந்த வகைதான். நன்னியைவிடக் கொஞ்சம் மரியாதையாக எழுத முயல்கிறேன்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திற என்று நான் கேட்கவில்லை. தோண்டப்படாத இடத்தின் துல்லியமான குறிப்பை வெளியிட்டால் அடுத்த வாரமே திருடர்கள் வருவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 2017இல் சாரா பார்க்காக் என்ற தொல்லியலாளர் பெரு நாட்டின் செயற்கைக்கோள் படங்களைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி, எந்த இடம் என்று சொல்லாமல் பொதுமக்களிடம் கொடுத்து, கொள்ளைக் குழிகளைத் தேடச் சொன்னார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஓர் இணையப் பதிவேட்டில் இருக்கின்றன. கிடைத்த சரியான புள்ளி மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். மனித எச்சங்களின் படம் வேண்டாம் என்று அந்த மக்களின் வழியில் வந்தவர்கள் சொன்னால், அதற்குமேல் பேச்சில்லை. தோண்டியவருக்கு முதலில் எழுதும் உரிமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெயிலில் முதுகு காய்ந்தது அவருடையது. என் போன்று எழுதுபவர்களில் பலர் உங்கள் படத்தை எடுத்து, உங்கள் பெயரை வெட்டிவிட்டு, தங்கள் முத்திரையைக் குத்திக்கொள்கிறார்கள் என்ற உங்கள் கோபமும் நியாயம்.

வெளியிடுவது வேறு, தம்பட்டம் அடிப்பது வேறு என்பதும் தெரியும். தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் ஹோமோ நலேடி என்ற அழிந்துபோன மனித இனத்தின் எலும்புகளைக் கண்ட குழு, 2015இல் கட்டுரையையும் எலும்புகளின் முப்பரிமாணப் படிகளையும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது, பாராட்டினோம். அதே குழு 2023இல், அந்த இனம் இறந்தவர்களைப் புதைத்தது என்று, மதிப்பாய்வு முடியும் முன்பே பெரிய அளவில் அறிவித்தது. சான்று போதாது என்று மதிப்பாய்வாளர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த மறுப்புகளும் கட்டுரையோடு சேர்ந்தே வெளியாயின. இரண்டையும் படித்துத்தான் என் வாசகர்களுக்கு எழுதினேன். எங்களுக்குக் குழப்பம் வந்துவிடும் என்று நீங்கள் அஞ்சினீர்கள். வரவில்லை. ஆய்வாளர்கள் இப்படித்தான் சண்டை போட்டுக்கொள்வார்களா என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஐயம் உள்ளதை ஐயத்தோடே வெளியிடுவது தமிழ் வாசகர்களுக்குப் புதிதில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடுகளை அச்சிட்டபோது, பாடம் உறுதியாகும்வரை உலகம் காத்திருக்கட்டும் என்று பெட்டியில் வைத்துக்கொள்ளவில்லை. மாற்றுப் பாடங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். அச்சேறியது நம்மிடம் இருக்கிறது. அச்சேறாமல் கரையானுக்கும் நெருப்புக்கும் போனவை எத்தனை என்று எண்ணவும் வழியில்லை. நெருப்பு பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2018 செப்டம்பர் 2 இரவு பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அதன் சேகரிப்பில் ஏறத்தாழ 2 கோடிப் பொருள்கள் இருந்தன. மறுநாளே அங்குள்ள மாணவர்கள், உள்ளே போனபோது படம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். பார்வையாளர்களின் கைப்பேசிப் படங்களை நம்பி ஓர் அருங்காட்சியகம் நிற்க வேண்டியிருந்தது.

இனி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

நீக்கிய பக்கங்களைத் திரும்பத் திறந்து வையுங்கள், அதே முகவரியில். பழைய இணைப்புகள் உயிர் பெற வேண்டும். எதையாவது நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள்; பக்கத்தை வெறுமையாக விடாமல், என்ன இருந்தது, ஏன் எடுத்தோம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். இடக்குறிப்பை மறைத்தால், மறைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். அதற்குமேல் கேட்க மாட்டோம்.

அகழாய்வு முடிந்து இத்தனை ஆண்டுக்குள் அறிக்கை பொதுவில் வரும் என்று ஒரு கெடுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றோ ஐந்தோ, உங்கள் விருப்பம். ஆனால் தோண்டத் தொடங்கும் நாளிலேயே அறிவித்துவிடுங்கள். கெடு தாண்டினால் முடிந்தவரை உள்ளதைப் போடுங்கள். தேடக்கூடிய எழுத்தாக வேண்டும். கோணலாக எடுத்த பக்கப் படங்களில் ஒரு சொல்லைத் தேடி நான் இழந்த இரவுகள் பல.

செய்தியாளர்களைச் சந்திக்கும் அதே நாளில், எந்த மாதிரி, எந்த அடுக்கு, எந்த ஆய்வகம், கூட்டல் கழித்தல் எவ்வளவு என்ற அட்டவணையை இணையத்தில் ஏற்றுங்கள். ஒரு பக்கம் போதும்.

ஒவ்வொரு படத்தின் கீழும், இதை யார் எப்படிப் பயன்படுத்தலாம், யார் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பெயரை வெட்டி எடுப்பவர்களைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். உங்களோடு நானும் நிற்கிறேன்.

உங்களிடம் வேலை பார்க்கும் இளைய ஆய்வாளர்கள் பொதுமக்களுக்காக எழுதும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். எனக்கு அந்த அட்டவணையை அனுப்பியவர், தன் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மேலதிகாரிக்குத் தெரிந்தால் சிக்கலாம். ஒரு பிழையைத் திருத்தியதற்காக ஒருவர் ஒளிய வேண்டிய நிலை உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ‘நிறுவனத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அதன் பக்கத்தில் ‘வாசகர்’ என்று இன்னொரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கட்டத்துக்காகக் காத்திருக்கும் ஒருவன்